பழைய பிளாஸ்டிக் மரத்தைத் தூக்கிப் போடலாமா?

கேள்வி: எங்கள் வீட்டில் 12 ஆண்டுகளாக ஒரே பிளாஸ்டிக் கிறிஸ்துமஸ் மரம். கால் கொஞ்சம் ஆடும். தொடக்கநிலை நான்கில் படிக்கும் மகள், “பிளாஸ்டிக் பூமிக்குக் கெடுதல், நிஜ மரம் வாங்குங்கள்” என்று அடம் பிடிக்கிறாள். 25ஆம் தேதி 30 பேர் சாப்பிட வருகிறார்கள். கழுவ ஆளில்லை, மக்கும் தட்டு வாங்கலாம் என்றேன். மாமியாரோ, “எவர்சில்வர் தட்டு இருக்கும்போது எதற்குக் காசைக் கரியாக்குகிறாய்?” என்கிறார். யார் சொல்வது சரி?
– செங்காங் வாசகி

பதில்: என் ஓட்டு உங்கள் மாமியாருக்கு. கோபித்துக்கொள்ளாதீர்கள், காரணம் சொல்கிறேன்.

நானும் ஒரு வருடம் ‘மக்கும்’ என்று அச்சடித்த தட்டுகளைக் கூடுதல் விலை கொடுத்து வாங்கிப் பெருமையாகப் பரிமாறியவள்தான். மக்குவதற்கு மண் வேண்டுமே! சிங்கப்பூரில் நம் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி வீட்டில் குப்பைக் குழாயில் போடுவது நேரே எரியாலைக்குப் போகிறது. சாம்பல் படகேறி செமாக்காவ் தீவின் குப்பை நிரப்புமிடத்துக்குப் போய்ச் சேர்கிறது. 1999இல் திறந்த அந்த இடம் 2035 வாக்கில் நிரம்பிவிடும் என்கிறார்கள். மக்கும் தட்டோ மக்காத தட்டோ, அடுப்புக்கு இரண்டும் விறகுதான். அதனால் பரண்மேல் இருக்கும் எவர்சில்வரை இறக்குங்கள். போதாததற்குத் தேக்கா சந்தையில் வாழையிலை வாங்கிக்கொள்ளலாம். கழுவ ஆளில்லை என்கிறீர்கள். வரும் 30 பேரில் ஆண்கள் எத்தனை பேர் என்று ஒருமுறை எண்ணிப் பாருங்கள்.

சரி, மரத்துக்கு வருவோம். மகளின் அக்கறையில் குறையில்லை, கணக்கில்தான் சின்ன இடறல். இங்கே விற்கும் நிஜ மரங்களில் பல வட அமெரிக்காவில் வெட்டப்பட்டு, குளிரூட்டிய கொள்கலனில் பசிபிக்கைத் தாண்டி வருபவை. ஒரு மாதம்கூட வீட்டில் நிற்காது. உங்கள் பிளாஸ்டிக் மரம் செய்ய வேண்டிய கெடுதலில் பெரும்பங்கை அது தொழிற்சாலையை விட்டு வெளியே வந்த அன்றே செய்து முடித்துவிட்டது. இனி எத்தனை வருடம் அதை ஓட்டுகிறீர்கள் என்பதுதான் விஷயம். ஆடும் காலுக்கு ஒரு கம்பியைச் சுற்றுங்கள். பச்சையாகவே வேண்டும் என்றால், இருக்கும் தொட்டிச் செடிக்கு நட்சத்திரம் கட்டச் சொல்லுங்கள். ஒரு டிசம்பரில் என் கறிவேப்பிலைச் செடிக்குச் சர விளக்கு சுற்றினேன். ரசத்துக்கு இலை பறிக்கப் போகும்போதெல்லாம் வயர் விரலில் மாட்டியது வேறு கதை.

பரிசு சுற்றும் காகிதம் நீங்கள் கேட்காதது, ஆனாலும் சொல்லிவிடுகிறேன். மினுமினுப்புத் தாளை நீல நிற மறுபயனீட்டுத் தொட்டியில் போட்டால் மறுபயனீடு ஆகிவிடும் என்று பலர் நினைக்கிறோம். ஆகாது. அந்தத் தொட்டிகளில் விழுவதில் சுமார் 40 விழுக்காடு மறுபயனீட்டுக்கு உதவாதது. தாளைக் கசக்கிப் பாருங்கள், விரிந்துகொண்டால் அதில் பிளாஸ்டிக் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளலாம். அதைவிட, தாம்பூலப் பையில் வந்து வந்து அலமாரியில் அடுக்கிக் கிடக்கும் ரவிக்கைத் துணிகள் இருக்கின்றனவே! எந்தத் தையல்காரரிடமும் போகப் போவதில்லை. பரிசைச் சுற்றி ஒரு முடிச்சுப் போட்டால் போதும்.

உண்மையில் எனக்குக் கவலை உங்கள் பிரியாணி அண்டாதான். குழந்தைகளையும் சேர்த்து 30 பேர் என்றால் 3 கிலோ அரிசி தாராளம். அப்புறம் கேக், அச்சு முறுக்கு, கல்கல் எல்லாம் இருக்குமே. “பத்தாமல் போய்விட்டால்?” என்ற பயத்தில் நாம் ஐந்து கிலோ போடுகிறோம், மறுநாள் குப்பைக் குழாய் மூடியைத் திறக்கிறோம். அப்படியும் மிஞ்சினால் விருந்தினர் கையில் கொடுத்தனுப்பத் தயாராக இருங்கள். அந்தப் பொறுப்பை மகளிடமே விடலாம்: “வரும்போது ஆளுக்கொரு டப்பா கொண்டு வாங்க” என்று அவள் குரலிலேயே பதிவு செய்து குடும்ப வாட்ஸ்ஆப் குழுவில் போடச் சொல்லுங்கள். நீங்கள் சொன்னால் கஞ்சத்தனம் என்பார்கள். அவள் சொன்னால் சிரித்துக்கொண்டே இரண்டாகக் கொண்டு வருவார்கள்.