காசு கட்டி கோ-பைலட் ஆகலாமா?

கேள்வி: களுவாஞ்சிகுடியில் இருந்து எழுதுகிறேன். வயது 27. வர்த்தக விமானி லைசென்ஸும் இன்ஸ்ட்ருமென்ட் ரேட்டிங்கும் (கருவிகளை மட்டும் பார்த்துப் பறக்கும் தகுதி) இருக்கிறது. மொத்தம் 215 மணி பறந்திருக்கிறேன். ஒரு கொம்பனியின் சிமுலேட்டர் (தரையிலேயே பறந்து பழகும் மாதிரி விமானம்) தேர்வில் தோற்றேன். இன்னொரு கொம்பனி என்னைத் தெரிவுசெய்த பிறகு ஆட்சேர்ப்பையே நிறுத்திவிட்டது. இப்போது கொழும்பு ஏஜென்ட் ஒருவர், வெளிநாட்டுச் சிறு விமானக் கொம்பனி ஒன்றில் ஏடிஆர் என்ற விமான வகைக்கான டைப் ரேட்டிங்கும் (அந்த வகையை ஓட்டும் தகுதி) கோ-பைலட்டாக மூன்று மாதத்தில் 500 மணியும் எடுத்துத் தருவதாகச் சொல்கிறார். படுவான்கரை வயலின் உறுதிப் பத்திரத்தை ஈடு வைக்க அப்பா தயார். பதிவுக் கட்டணம் கட்டிவிட்டேன். மிச்சத்தையும் கட்டலாமா?

பதில்: கட்டாதீர்கள் தம்பி. உறுதி அப்பாவின் பெட்டியிலேயே இருக்கட்டும்.

முதலில் அந்த 500 மணிக் கணக்கைப் பாருங்கள். பயணிகள் விமானம் ஓட்டுபவர் 28 நாளில் 100 மணிக்கு மேல் பறக்கக்கூடாது என்பது பல நாடுகளில் உள்ள விதி. அந்த உச்சத்தைத் தொட்டபடியே பறந்தாலும் 500 மணிக்கு நாலரை மாதம் பிடிக்கும். டைப் ரேட்டிங் படிப்புக்கு ஆகும் காலம் வேறு. காசு கட்டிய பிள்ளைகள் வரிசையில் நிற்கும் இடத்தில் உங்களுக்கு மட்டும் மாதம் நூறு மணி யார் தருவார்? மூன்று மாதம் என்று சொன்னவர் இனி எதைச் சொன்னாலும் நம்பாதீர்கள்.

சரி, 500 மணியும் கிடைத்தது என்றே வைத்துக்கொள்வோம். உங்கள் மணி முடிந்ததும் அடுத்தவர் காசோடு வந்து நிற்பார். உங்களுக்குச் சம்பளம் கொடுத்து வைத்திருக்க அந்தக் கொம்பனிக்கு என்ன தேவை? கப்டனாவதற்குரிய லைசென்ஸுக்கு 1500 மணி வேண்டும். நீங்கள் எழுநூறு சொச்சம் மணியோடும் ஈட்டுக் கடனோடும் திரும்பவும் விண்ணப்பம் எழுதிக்கொண்டிருப்பீர்கள்.

வெளிநாட்டு வேலைக்கு ஆள் அனுப்புபவரிடம் வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தின் அனுமதிப்பத்திரம் இருக்க வேண்டும். வீட்டு வேலைக்குப் போகிற சகோதரிக்குக்கூட அந்தப் பணியகத்தில் பதிவு உண்டு. இந்த ஏஜென்டுகளோ ரசீதில் ‘பயிற்சித் திட்டம்’ என்று எழுதிவிட்டு, வேலையை வாயால் மட்டும் தருவார்கள். இதை யார் கண்காணிப்பது என்று கேட்டால் ஒரு அலுவலகம் இன்னொன்றைக் கைகாட்டும். மட்டக்களப்பு விமான நிலையத்தை 2018 இல் சிவில் விமானங்களுக்குத் திறந்து படம் எடுத்துக்கொண்டார்கள். லைசென்ஸ் அலுவல் என்றால் நம் பிள்ளைகள் இன்னமும் இரவு பஸ் ஏறித்தான் கட்டுநாயக்க போகிறார்கள். விசாரிக்க ஆள் பக்கத்தில் இல்லாத ஊர்ப் பிள்ளைகள் என்று ஏஜென்டுகளுக்கு நன்றாகத் தெரியும்.

சொந்தக் காசில் டைப் ரேட்டிங் எடுப்பது சரியாக வரும் இடம் ஒன்று உண்டு. விமானக் கொம்பனியே தன் கடிதத் தாளில் உங்கள் பெயருக்கு நியமனக் கடிதம் தந்திருக்க வேண்டும். அதில் சம்பளமும் சேரும் திகதியும் இருக்க வேண்டும். ‘பயிற்சியில் சித்தியடைந்தால்’ என்பதைத் தவிர வேறு நிபந்தனை இருக்கக்கூடாது. ‘வெற்றிடம் இருப்பின் பரிசீலிக்கப்படும்’ என்ற வரி இருந்தால் அது நியமனக் கடிதமே அல்ல. ஏஜென்டின் தாளில் வந்தாலும் அல்ல. காசு நேரே பயிற்சி நிலையத்தின் கணக்குக்குப் போக வேண்டும். அந்த நிலையத்தின் ரேட்டிங்கை உங்கள் லைசென்ஸில் பதிவார்களா என்று சிவில் விமானப் போக்குவரத்து அதிகாரசபையிடம் எழுத்தில் கேளுங்கள். தொலைபேசிப் பதில் போதாது. கடைசியாக, உண்மையான விமானத்தில் ஏறி இறங்கும் பேஸ் ட்ரெயினிங் அந்தக் கட்டணத்துக்குள் அடங்குகிறதா? உங்களைப் போல் மணி குறைந்தவருக்குச் சிமுலேட்டர் மட்டும் போதாது. அதைத் தனியாக வாங்கச் சொல்லும்போதுதான் பல வீடுகளில் இரண்டாவது கடன் விழுகிறது. இத்தனையும் சரியென்றால் கட்டலாம். ஒன்று குறைந்தாலும் வேண்டாம்.

சிமுலேட்டர் தோல்வி பெரிய விடயம் அல்ல. பல கொம்பனிகள் ஆறு மாதமோ ஒரு வருடமோ கழித்துத் திரும்ப வரவிடும். மாதக்கணக்கில் பறக்காமல் இருந்துவிட்டுப் போய் உட்கார்ந்தால் கருவிகளை மாறி மாறிப் பார்க்கும் பழக்கம் கண்ணுக்கு வராது. பெரும்பாலும் சறுக்குவது அங்கேதான். அடுத்த தேர்வுக்கு முன் ரத்மலானைப் பயிற்சிப் பள்ளிகளில் விசாரித்துச் சில மணி சிமுலேட்டரில் இருங்கள். ஏஜென்டின் தொகையோடு பார்த்தால் அது சில்லறைக் காசு.

ஆனால் தோல்வியை மறைக்காதீர்கள். 2009 இல் அமெரிக்காவின் பபலோ நகருக்கருகே கோல்கன் ஏர் என்ற பிராந்தியக் கொம்பனியின் டேஷ் 8 விமானம் விழுந்து 50 பேர் இறந்தார்கள். அதன் கப்டன் முன்பு தேர்வுகளில் தோற்றதை எல்லாம் கொம்பனிக்குச் சொல்லியிருக்கவில்லை என்பது விசாரணையில் தெரிந்தது. அதற்குப் பிறகு பழைய பதிவுகளைத் தோண்டுவது கூடியிருக்கிறது. விண்ணப்பத்தில் கேட்டிருந்தால் எழுதுங்கள். என்ன பிழை விட்டீர்கள், எப்படித் திருத்தினீர்கள் என்றும் சேர்த்து எழுதுங்கள்.

இரண்டாவது கொம்பனி ஆட்சேர்ப்பை நிறுத்தியதில் உங்கள் குற்றம் எதுவும் இல்லை. இந்தியாவின் ஜெட் ஏர்வேஸ் 2019 இலும் கோ ஃபர்ஸ்ட் 2023 இலும் பறப்பதையே நிறுத்திவிட்டன. ஆகவே பெயரையும் விமானத்தின் அளவையும் பார்த்து வேலை தேடாதீர்கள். அங்கே ஏற்கெனவே இருக்கும் கோ-பைலட் ஒருவரைப் பிடித்து மூன்று விடயம் கேளுங்கள். சம்பளம் திகதிக்கு வருகிறதா? மாதம் எத்தனை மணி பறக்கிறீர்கள்? இடையில் விலகினால் கட்ட வேண்டிய பொண்ட் தொகை மாதாமாதம் குறைகிறதா, கடைசி நாள் வரை முழுத்தொகையும் நிற்கிறதா? இரண்டே விமானம் வைத்திருக்கும் இடத்தில் ஒன்று பழுதுபார்க்கப் போனால் உங்கள் மணியும் பாதியாகிவிடும் என்பதையும் யோசியுங்கள். சம்பளம் தரும் சிறிய டர்போபுரொப் (காற்றாடி விமானம்) வேலை, மாலைதீவிலோ உள்ளூரிலோ கிடைத்தால், ஜெட்டுக்காகக் காத்திராமல் போங்கள்.

அதுவரை மெடிக்கல் சான்றிதழும் இன்ஸ்ட்ருமென்ட் ரேட்டிங்கும் காலாவதியாக விடாதீர்கள். அழைப்பு வந்த அன்று இவை இல்லாமல் வாய்ப்பை இழப்பவர்கள் அதிகம்.

கட்டிய பதிவுக் கட்டணத்தைத் திருப்பித் தரும்படி இந்தக் கிழமையே பதிவுத் தபாலில் எழுதுங்கள். பிரதியையும் ரசீதையும் வைத்துக்கொள்ளுங்கள். வேலை தருவதாகச் சொன்ன வட்ஸ்அப் செய்திகளை அழித்துவிடாதீர்கள். பணியகத்திலோ பொலிஸிலோ முறைப்பாடு செய்ய நேர்ந்தால் ரசீதை விட அவைதான் உதவும்.