கதவுப்பிடியில் தொங்கிய அட்டை – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

பத்து நாள் பயணமாக டோக்கியோவுக்கும் கியோட்டோவுக்கும் சென்று வந்தேன். ஒழுங்கும் தூய்மையும் வியக்க வைத்தன. ஆனால் நெரிசலான ரயிலில்கூட ஒருவரோடு ஒருவர் பேசவில்லை. அங்கேயே வாழும் நீங்கள் சொல்லுங்கள்: ஜப்பானியர்கள் பாசமற்றவர்களா?

இரா. ச.

அன்புள்ள இரா. ச.,

பாசமற்றவர்கள் அல்லர். பதினோரு ஆண்டுகளாக டோக்கியோவின் புறநகரில் வாழ்கிறேன். வந்த முதல் குளிர்காலத்தில் எனக்கும் உங்கள் எண்ணமே இருந்தது. ‘மேய்வாக்கு’ என்ற சொல்லின் பொருள் பிடிபட்ட பிறகுதான் அது மாறியது. பிறருக்கு நாம் உண்டாக்கும் தொந்தரவு என்று அதற்குப் பொருள். அதை உண்டாக்கக் கூடாது என்று இங்கே சிறு வயதிலேயே சொல்லிக் கொடுத்துவிடுகிறார்கள். ரயிலில் கைபேசியில் பேசாமல் இருப்பதும், முதுகுப்பையைக் கழற்றி முன்பக்கம் மாட்டிக்கொள்வதும், சளி பிடித்தவர் யாரும் சொல்லாமலே முகக்கவசம் அணிவதும் அந்தக் கவனத்தினால்தான். நீங்கள் கண்ட மௌனமும் அதில் சேர்ந்ததே.

என்னை வருத்துவது வேறொன்று. தொந்தரவாகிவிடக் கூடாது என்ற அதே கவனம், உதவி தேவைப்படுபவரின் வாயையும் கட்டிவிடுகிறது. சிபா மாகாணத்தின் மட்சுடோ நகரில், டோக்கிவாதைரா என்ற பெரிய அடுக்குமாடிக் குடியிருப்பில், 69 வயது மனிதர் ஒருவர் இறந்து மூன்றாண்டுகள் வரை யாருக்கும் தெரியவில்லை. வாடகை அவருடைய வங்கிக் கணக்கிலிருந்து தானாகவே கழிந்துகொண்டிருந்ததால், 2000-ஆம் ஆண்டில் சேமிப்பு தீர்ந்த பிறகுதான் ஆட்கள் அவரைத் தேடி வந்தார்கள். இத்தகைய சாவுக்கு இங்கே ‘கொதொகுஷி’ என்று பெயரே உண்டு. காவல்துறைக் கணக்குப்படி 2024-இல், தனியாக வாழ்ந்தவர்களில் 76,020 பேர் வீட்டிலேயே இறந்திருக்கிறார்கள். அவர்களில் முக்கால்வாசிப் பேர் 65 வயதை எட்டியவர்கள். 2021-இல் அரசு தனிமைக்கென்றே ஓர் அமைச்சரை நியமித்ததும் இந்த நிலைமையில்தான்.

என் பக்கத்து வீட்டில் எண்பதைக் கடந்த அம்மையார் ஒருவர் தனியாக இருக்கிறார். தெருச் சங்கத்தின் அறிவிப்புகளைச் செருகிய ‘கைரன்பன்’ என்ற அட்டை இங்கே வீடு வீடாகக் கைமாறும். படித்துவிட்டு, நம் பெயருக்கு நேரே முத்திரை குத்தி, அடுத்த வீட்டுக்குக் கொடுக்க வேண்டும். மணி அடித்தால் எனக்குத் தொந்தரவு என்று அவர் அதை என் கதவுப்பிடியில் மாட்டிவிட்டுப் போய்விடுவார். கடந்த பிப்ரவரியில், மாதத் தொடக்கத்தில் வர வேண்டிய அட்டை ஒரு வாரமாகியும் வராததால், தயங்கித் தயங்கி அவர் வீட்டு மணியை அடித்தேன். சுவரைப் பிடித்தபடி வந்து கதவைத் திறந்தவர், காய்ச்சல் என்று சொல்வதற்கு முன்பாக, அட்டை தாமதமானதற்குத் தலை குனிந்து மன்னிப்புக் கேட்டார்.

அன்று கஞ்சி வைத்துக் கொடுத்தேன். அடுத்த வாரம் என் பாத்திரம், துடைத்த ஈரம்கூட இல்லாமல், நான்கு மிக்கான் ஆரஞ்சுகளோடு ஒரு துணிப்பையில் கதவுப்பிடியில் தொங்கியது. அப்போதும் அவர் மணி அடிக்கவில்லை. இப்போதெல்லாம் அட்டை வந்தவுடன், கிடைத்தது என்று சொல்வதற்காக நானே போய் அவர் வீட்டு மணியை அடிக்கிறேன்.