அங்கன்வாடி முதன்முதலில் எப்படி வந்தது?

முக்கூடல் பக்கம் அங்கன்வாடிக்குப் பிள்ளையை அனுப்பும் பலரும் இது 1975-இல் அரசு தொடங்கியது என்பார்கள். அரசுத் திட்டம் அந்த ஆண்டுதான், சரி. யோசனை அதற்கும் முந்தியது.

பள்ளி வயதுக்கு முந்தைய பிள்ளைகளுக்கு ஆட்டம், பாட்டு, கைவேலை வழியே கற்பிப்பதற்காக 1926-இல் கிஜுபாய் பதேகாவும் தாராபாய் மோடக்கும் குஜராத்தில் தொடங்கிய அமைப்பு நூதன பால சிக்ஷண சங்கம். அப்போது மரக்கட்டை போன்ற சாமான்களைக் கையாண்டு பிள்ளைகள் தாமே கற்கும் மாண்டிசோரி முறை காசுள்ள வீடுகளுக்கே எட்டியது. அதன் சாமான்களின் விலை அப்படி. தாராபாய் 1945-இல் மராட்டியக் கடலோரக் கிராமமான போர்டிக்குப் போனார். அங்கே மரக்கட்டைக்குப் பதில் விதை, கிளிஞ்சல், இலை. நம் ஊரென்றால் புளியமுத்தை ஐந்தைந்தாகக் கூட்டி எண்ண வைத்திருப்பார்.

அப்படியும் ஏழைப் பிள்ளைகள் வரவில்லை. மாடு மேய்க்கவும் தம்பி தங்கையைப் பார்த்துக்கொள்ளவும் அவர்கள் வீட்டுக்கு வேண்டியிருந்தது. அதனால் வகுப்பே அவர்கள் குடியிருப்பு முற்றத்துக்குப் போனது. பதநீர்க்காரர் வாசலுக்கே வந்து ஓலைப் பட்டையில் ஊற்றித் தருவாரே, அது மாதிரி. அங்கன்வாடியின் வேர் இதுதான். அப்புறம் போர்டிக்குப் பக்கத்துக் கோஸ்பாட் குன்றில் தாராபாயின் கூட்டாளி அனுதாய் வாக் அந்த வேலையைப் பல காலம் நடத்தினார். என் கணக்கில் பெயர் அதிகம் தெரிய வேண்டியவர் அவர்தான்.

"அங்கன்வாடியில் எழுதவே சொல்லித் தருவதில்லை, சும்மா விளையாடத்தான் விடுகிறார்கள்" என்று குறைப்படுகிறவர்கள் உண்டு. புளியமுத்தைப் பொறுக்கி அடுக்கும்போதுதான் பென்சில் பிடிக்க விரல் பழகுகிறது.