அந்த வாரம் ஒரு சதவீதம்

கேள்வி: காட்பாடியில் வீடு, ராணிப்பேட்டையில் ஒரு ஷூ கம்பெனியில் சூப்பர்வைசர் வேலை. ஆறு வருஷமாக நிஃப்டி (50 பெரிய கம்பெனிப் பங்குகளின் குறியீடு) இண்டெக்ஸ் ஃபண்டில் மாதாமாதம் எஸ்ஐபி போட்டு 9 லட்சம் சேர்ந்திருக்கிறது. நண்பர் ஒருவர் நிஃப்டியில் கால், புட் (ஏறினால், இறங்கினால் வாங்கினவருக்குப் பலன் தரும் ஆப்ஷன் ஒப்பந்தங்கள்) இரண்டையும் விற்றே வாரம் ஒரு சதவீதம் எடுக்கிறார். ஃபண்டை விற்க வேண்டாம், ப்ளெட்ஜ் பண்ணினாலே, அதாவது ஈடு வைத்தாலே, ஆப்ஷன் விற்கத் தேவையான பிணைத் தொகை (மார்ஜின்) கிடைக்கும், இரண்டு பக்கமும் வருமானம் என்கிறார். இறங்கலாமா?

பதில்: வேண்டாம். நண்பர் பொய் சொல்வதாக நான் நினைக்கவில்லை, சங்கடமே அதுதான். ஆப்ஷன் விற்பவருக்குப் பெரும்பாலான வாரம் காசு வரத்தான் செய்யும். பாலாறும் வருஷக்கணக்கில் மணலாகத்தானே கிடக்கிறது? ஆற்றோரத்தில் இருப்பவர்களுக்கு வெள்ளக் காப்பீடு விற்றால் தினமும் லாபம்தான், 2021 நவம்பரில் கரை தொட்டு வந்ததே, அந்த மாதிரி ஒரு தண்ணீர் வருகிற வரைக்கும். நீங்கள் விற்கப் போவதும் காப்பீடுதான்: பிரீமியம் வாங்கிக்கொண்டு, சந்தை ஒரு எல்லையைத் தாண்டினால் வித்தியாசத்தைத் தருகிறேன் என்கிறீர்கள்.

2024 ஜூன் 3 அன்று நிஃப்டி 23,263. அதற்கு 760 புள்ளி கீழே 22,500 புட்டை, அதாவது நிஃப்டி 22,500க்குக் கீழே போனால் மட்டும் பணம் தர வேண்டிய ஒப்பந்தத்தை, இவ்வளவு தூரம் எங்கே வரப்போகிறது என்று விற்றவர் இருப்பார். மறுநாள் தேர்தல் முடிவு. முடியும்போது 21,884. எல்லையைத் தாண்டி 615 புள்ளி, விற்றவர் தர வேண்டியது அவ்வளவு. வாரம் 40 புள்ளி பிரீமியம் வாங்கி வந்தவர் என்றால் 15 வாரச் சம்பாத்தியம் ஒரே நாளில் காலி, அதுவும் முடிவு விலைக் கணக்கு, நடுவில் இன்னும் கீழே போய் வந்தது. அந்த நேரத்தில் நீங்கள் ஷிஃப்டில் இருப்பீர்கள், போனை லாக்கரில் வைத்துவிட்டு.

இண்டெக்ஸ் ஃபண்ட் மட்டும் விழாதா? விழும். 2020 ஜனவரியில் 12,400 தொட்ட நிஃப்டி மார்ச்சில் 7,500க்கு வந்தது. ஆனால் யாரும் உங்களைக் கூப்பிட்டுப் பணம் கட்டு என்று சொல்லவில்லை, சும்மா இருந்தவர் நவம்பரில் பழைய உச்சத்தைப் பார்த்துவிட்டார். எனக்குத் தெரிந்து சும்மா இருப்பதற்குச் சம்பளம் தருகிற வேலை இது ஒன்றுதான்!

ப்ளெட்ஜ் பண்ணினால் அந்தச் சும்மா இருக்கும் உரிமைதான் போகிறது. சந்தை விழுந்தால் விற்ற புட்டில் நஷ்டம், அதே நாளில் ஈடு வைத்த ஃபண்டின் மதிப்பும் இறங்கும், மார்ஜின் தேவையோ ஏறும். ராத்திரி தாண்டும் பொசிஷனுக்கு மார்ஜினில் பாதி ரொக்கமாகவோ அதற்குச் சமமாகவோ இருக்க வேண்டும் என்ற விதி வேறு. கட்ட முடியாவிட்டால் புரோக்கர் உங்கள் யூனிட்டை விற்பார், அடிமாட்டு விலையில். இரண்டு பக்கமும் வருமானம் என்றாரே, இரண்டு பக்கமும் அடியும் உண்டு.

வரியும் பாருங்கள். ஆப்ஷன் லாபம் தொழில் வருமானம், உங்கள் ஸ்லாபில் சேரும், ஐடிஆர் 3 படிவத்தில் வரிக் கணக்கு போட வேண்டும். ஃபண்டை ஒரு வருஷம் தாண்டி விற்றால் 1.25 லட்சத்துக்கு மேல் உள்ள லாபத்துக்கு 12.5 சதவீதம், அவ்வளவுதான். பங்குச் சந்தையைக் கண்காணிக்கும் செபி பார்த்த கணக்கில் 2022 முதல் 2024 வரையான மூன்று நிதியாண்டுகளில் எஃப் அண்ட் ஓ (ஃப்யூச்சர், ஆப்ஷன் வியாபாரம்) செய்த தனிநபர்களில் 93 சதவீதம் பேருக்கு நஷ்டம், வாங்கினவர், விற்றவர் எல்லாரும் சேர்த்து.

கை அரித்தால், தனியாக ஒரு தொகை, போனால் போகட்டும் என்கிற தொகை, விற்ற புட்டுக்குக் கீழே இன்னொரு புட்டை வாங்கி நஷ்டத்துக்கு வேலி போட்டு ஒரு வருஷம் செய்து பாருங்கள். கால் பக்கமும் அப்படியே. வேலிக்கான செலவு போனபின் வாரம் ஒரு சதவீதம் நிற்கிறதா என்று அப்போது தெரியும்.

அதற்கு முன்னால் நண்பரை ஒரு டீக்குக் கூப்பிடுங்கள். ஸ்க்ரீன்ஷாட் வேண்டாம், 2024 ஜூன் மாத லாப நஷ்ட ஸ்டேட்மென்ட்டை முழுசாகக் காட்டச் சொல்லுங்கள்.