பந்தும் மட்டையும் ஒரே ஷாட்டில் இருக்கிறதா?

கேள்வி: சினிமாவில் வரும் கிரிக்கெட்டைப் பார்த்தால் சிரிப்புதான் வருகிறது. ஆட்டத்தை ஒழுங்காகக் காட்டிய படமே கிடையாதா?

பதில்: எதை ஒழுங்கு என்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது. விதிப்புத்தகத்தை எடுத்தால் 'லகான்' இந்திப் படம் மாட்டிக்கொள்ளும். கதை நடப்பது 1893-ல், அப்போது ஓவருக்கு 5 பந்துகள்தான், 6 ஆனது 1900-ல். எல்லைக் கோட்டைத் தாண்டினாலே சிக்ஸர் என்பதும் 1910-லிருந்துதான், அதுவரை பந்து மைதானத்தை விட்டே வெளியே போய் விழ வேண்டும். ஆங்கிலேய கேப்டன் கோட்டுக்கு வெளியே நின்று கேட்ச் பிடிக்க, அது சிக்ஸராகி ஹீரோ அணி ஜெயிக்கும் அந்தக் கிளைமாக்ஸே காலி! ஆனால் எனக்கு இதெல்லாம் பெரிய குற்றமாகப் படவில்லை, படம் பார்க்கும்போது யாருக்கும் இது உறுத்தவும் இல்லை.

உறுத்துவது வேறு. பவுலரின் கை சுழல்கிறது, கட். மட்டை வீசப்படுகிறது, கட். அப்புறம் வானத்தில் பந்து. பந்தும் மட்டையும் ஒரே ஷாட்டில் சந்திப்பதே இல்லை, ஏனென்றால் நடிகருக்கு ஆடத் தெரியாது, எடிட்டருக்கு அது தெரியும். ஹீரோ டிரைவ் ஆடும்போது காலைப் பாருங்கள், முன்னங்கால் பந்துப் பக்கமே போகாது, தலை ஒரு பக்கம் சாய்ந்திருக்கும், ஆனாலும் பந்து கவர் திசையில், ஆஃப் பக்கம் பறக்கும். 140 கிலோமீட்டர் வேகத்தில் வரும் பந்து மட்டைக்கு வந்துசேர சுமார் அரை நொடிதான் ஆகும். அதற்குள் நம்ம ஹீரோவுக்கு ஒரு முழு ஃப்ளாஷ்பேக் ஓடிவிடும்.

கேள்வி: அப்படியானால் '83'?

பதில்: அதில் உழைப்பு தெரிகிறது. 1983 உலகக் கோப்பையை வென்ற இந்திய அணியில் ஆடிய பல்விந்தர் சந்துவே நடிகர்களுக்குப் பயிற்சி கொடுத்தார். கேப்டன் கபில் தேவாக நடித்த ரன்வீர் சிங் பந்து வீசும்போது கபிலின் அந்தக் குதிப்பு அப்படியே வரும். வேடிக்கை என்னவென்றால், 17 ரன்னுக்கு 5 விக்கெட் போன பிறகு ஜிம்பாப்வேயை கபில் 175 அடித்து நொறுக்கிய ஆட்டத்துக்கு வீடியோவே கிடையாது, அன்றைக்கு பி.பி.சி. அதைப் படம்பிடிக்கவில்லை. ஸ்கோர் அட்டையையும் பார்த்தவர்கள் சொன்னதையும் வைத்துத்தான் எடுக்க முடியும். ஒப்பிட்டுப் பார்க்க ஒன்றும் இல்லாததால் இயக்குநர் தப்பித்தார் என்றும் சொல்லலாம்.

கேள்வி: தெரு கிரிக்கெட் படங்கள் மட்டும் எப்படி நம்பும்படி இருக்கின்றன?

பதில்: அங்கே யாருக்கும் கோச்சிங் புத்தக டெக்னிக் தேவையில்லையே! 'சென்னை 600028', 'லப்பர் பந்து' இரண்டிலும் நம்மைப் பிடித்து வைப்பது ஷாட் இல்லை, ஆட்டத்தைச் சுற்றி நடக்கும் வாய்ச்சண்டையும் ஈகோவும்தான், அது நாம் எல்லோரும் ஆடிய ஆட்டம். பெரிய மைதானம், ஸ்டேடியம் லைட், நாற்பதாயிரம் கிராஃபிக்ஸ் ரசிகர்கள் என்று போனால்தான் சாயம் வெளுக்கிறது. சந்தேகமிருந்தால் அடுத்த தடவை ஹீரோவை விட்டுவிட்டு எதிர்முனையில் நிற்கும் பேட்ஸ்மேனை, அதாவது நான்-ஸ்ட்ரைக்கரைக் கவனியுங்கள், மனுஷன் ஓட மறந்து ஹீரோவையே ரசித்துக்கொண்டு நிற்பார்.