துகளுக்கு விடை முன்பே தெரியுமா?

கேள்வி: குவாண்டம் அளவீட்டில், அதாவது எலக்ட்ரான் போன்ற நுண்துகளின் ஒரு பண்பை அளக்கும்போது, வரும் விடை முன்பே தீர்மானமாகி, நமக்குத்தான் தெரியாமல் இருக்கிறதோ?

பதில்: இருக்கலாம், ஆனால் சுலபமாக விடமாட்டார்கள். விடைகள் முன்பே உறுதி, தொலைவில் செய்யும் அளவீடு இங்கே பாதிக்காது என்று இரண்டையும் ஏற்றால், பின்னிப்பிணைந்த (தனித்தனியாக விவரிக்க முடியாதபடி இணைந்த) துகள்களின் விடைப் பொருத்தம் ஓர் எல்லையைத் தாண்டாது என்று 1964-இல் இயற்பியலாளர் ஜான் பெல் நிறுவினார்; சோதனைகளில் தாண்டுகிறது, 2022 நோபல் பரிசு அந்தச் சோதனைகளுக்குத்தான். அப்புறம் 1967-இல் கணிதவியலாளர்கள் கோஷனும் ஸ்பெக்கரும் வந்தார்கள்: விடை முன்பே இருந்தால், கூடவே வேறு எதை அளக்கிறோம் என்பதைப் பொறுத்து அது மாறியாக வேண்டும்! இவ்வளவையும் விழுங்கத் தயாரென்றால் 1952-இலேயே இயற்பியலாளர் டேவிட் போம் தந்த கோட்பாடு இருக்கிறது. அதில் எல்லாம் முன்தீர்மானம்தான், ஆனால் ஒரு துகளின் வேகம் எங்கோ இருக்கும் இணைத்துகளின் இடத்தையும் அந்தக் கணமே சார்ந்திருக்கும். எனக்கு அது சற்று உறுத்தல்தான். சரி, இதை வைத்து ஒளியை முந்திச் செய்தி அனுப்பலாமா என்றால், முடியாது.