ரிவியூவில் முப்பது கருத்து வந்தால் வேலை போகுமா?

தம்பி, கோணேசபுரி கம்பஸில் கணினி விஞ்ஞானம் முடித்து ஜேர்மனியில் ஹம்பேர்க்கில் வேலைக்குச் சேர்ந்து இரண்டு மாதம், அனுப்பும் கோட் எல்லாம் ரிவியூவில் (கூட வேலை செய்பவர்கள் பார்த்துக் குறை சொல்வது) முப்பது கருத்தோடு திரும்புகிறது, தகுதிகாண் காலத்திலேயே நிற்பாட்டிவிடுவார்களோ என்று கேட்டிருக்கிறீர்கள்.

ஆறு மாதம் வரையான தகுதிகாண் காலத்தில் இரண்டு கிழமை அறிவித்தலோடு நிற்பாட்டலாம், அது சட்டம். ஆனால் கருத்துக் கூடினதற்காக அனுப்புவது குறைவு. ஒரே கருத்து மூன்றாம் முறையும் வந்தால்தான் யோசிப்பார்கள்.

இங்கே கனபேர் கம்பஸ் வழியால் வந்தவர்கள் இல்லை. மூன்று வருட அவுஸ்பில்டுங் என்ற தொழிற்பயிற்சி: கொஞ்ச நாள் தொழிற்பாடசாலை, மிச்சம் கம்பனி. முடிவில் 80 மணித்தியாலத்துக்குள் ஒரு திட்டம் செய்து, ஆவணம் எழுதி, பரீட்சகர் முன்னால் ஒவ்வொரு முடிவுக்கும் காரணம் சொல்ல வேண்டும். அந்தப் பழக்கத்தில்தான் ரிவியூவிலும் 'ஏன்?' என்று கேட்கிறார்கள். உடனே மாற்றிவிட்டு 'சரி' போடாதீர்கள். காரணத்தை எழுதுங்கள்; காரணமே இல்லையென்றால் அதையும் எழுதுங்கள்.

அடுத்தது அளவு. 900 வரியை ஒரேயடியாக அனுப்பாமல் 200 வரிக்குள் வெட்டுங்கள். பெயர் மாற்றம் ஒரு கொமிட் (ஒரு தடவையில் பதிகிற மாற்றம்), நடத்தை மாற்றம் இன்னொன்று. இரண்டையும் கலந்தால் பிறகு எந்தக் கொமிட்டில் பிழை நுழைந்தது என்று கிட் பைசெக்ட் போட்டுத் தேடுகிறவருக்கு ஒன்றும் பிடிபடாது.

ஊரிலிருந்து வருபவர்களுக்குத் தடக்குகிற இடம் நேரம். உப்புவெளி ஹோட்டலுக்கு புக்கிங் புரோகிராம் எழுதினால் வருடம் முழுக்க யூடிசி என்ற உலகப் பொது நேரத்துக்கு +5.30தான், யோசிக்கத் தேவையில்லை. இங்கே கோடை நேரம் முடியும் ஒக்டோபர் கடைசி ஞாயிறு அதிகாலை 3 மணி திரும்ப 2 ஆகும், 2.30 இரண்டு தரம் வரும். கோடை நேரம் தொடங்கும் மார்ச் கடைசி ஞாயிறு 2 மணி நேரே 3 ஆவதால் 2.30 வரவே வராது. 'நாளைக்கு' என்று 24 மணித்தியாலம் கூட்டிய கோட் அந்த நாட்களில் ஒரு மணித்தியாலம் பிசகும். நடந்து முடிந்ததை யூடிசியில் சேமியுங்கள். வரப்போகும் சந்திப்பென்றால் உள்ளூர் நேரத்தோடு 'யூரோப்/பெர்லின்' என்ற வலயப் பெயரையும் வையுங்கள். வெறும் +1 போட்டால் கோடையில் பிழையாகிவிடும். அந்த இரண்டு ஞாயிறுக்கும் டெஸ்ட் எழுதிவிட்டே அனுப்புங்கள். எண்ணிலும் கவனம்: இங்கே 1.250 என்றால் ஆயிரத்து இருநூற்றைம்பது.

பிழை திருத்தும்போது சீனியர் பக்கத்தில் இருக்கக் கேளுங்கள். புரோகிராமை இடையில் நிறுத்திப் பார்க்கிற முதல் பிரேக்பொயின்டை எங்கே வைக்கிறார், எதை நம்பாமல் சோதிக்கிறார் என்று பாருங்கள். கம்பஸ் புரொஜெக்டை மார்க்ஸ் விழுந்தபிறகு யாரும் திறப்பதில்லை, அதனால் இந்த வேலை அங்கே பழகக் கிடைக்காது.

மூன்றாம் மாதம் மேலாளரிடம் நேரம் கேட்டு, 'இப்படியே போனால் நிரந்தரமாக்குவீர்களா, எது குறை?' என்று நேராகக் கேளுங்கள். ஊரில் அது துடுக்கு. இங்கே கேட்காமல் இருந்தால்தான் ஆர்வமில்லை என்று எடுத்துக்கொள்வார்கள்.